அப்பாவின் வேதாகமத்தில் உண்டு, நம்முடையதில் இல்லை

அந்தச் செய்தி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். ஆங்கில வேதாகமத்திலிருந்து வசனங்களை இரகசியமாக நீக்குகிறார்கள், நம்பாவிட்டால் என்.ஐ.வி.-யைத் திறந்து மத்தேயு 17:21-ஐத் தேடிப் பாருங்கள், அப்போஸ்தலர் 8:37-ஐத் தேடிப் பாருங்கள் என்று அதில் எழுதியிருக்கும். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் உள்ள எச்சரிப்பும் கூடவே வரும். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாதவர் ஆண்டவரை மறுதலிக்கிறார் என்ற வழக்கமான மிரட்டலோடு முடியும்.

நமது சபையின் வாட்ஸ்அப் குழுவில் அது மூன்று முறை வந்துவிட்டது. மிரட்டலை விட்டுவிடுவோம். சொன்ன விஷயம் உண்மையா என்று பார்த்தால், உண்மைதான். மத்தேயு 17-இல் 20-ஆம் வசனத்துக்கு அடுத்து 22 நிற்கிறது. அப்போஸ்தலர் 8-இல் 36-க்கு அடுத்து 38. யோவான் 5-இல் 4-ஆம் வசனம் இல்லை. வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் ஒரு அங்கிள் தன் தமிழ் வேதாகமத்திலிருந்து மத்தேயு 17:21-ஐ வாசித்து முடித்ததும், ஏ-லெவல் படிக்கிற தங்கை ஒருத்தி, "என்ர பைபிளில அது இல்லையே அங்கிள்" என்றாள். அறை அமைதியாகிவிட்டது.

அது சாதாரண வசனமாக இருந்திருந்தால் அன்றே மறந்திருப்போம். ஆனால் உபவாசத்தைப் பற்றிய வசனம் அல்லவா? சில வகைப் பிசாசுகள் ஜெபத்தினாலும் உபவாசத்தினாலும் மட்டுமே போகும் என்று ஆண்டவர் சொன்னதாக வருகிற இடம். நம் அம்மாமார் மாதந்தோறும் உபவாச ஜெபம் வைக்கிறார்கள். போர்க்காலத்தில் பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடந்து ஜெபித்தவர்கள் நமது சபையில் இருக்கிறார்கள். அவர்கள் பற்றிப்பிடித்த வசனம் பிள்ளைகளின் புத்தகத்தில் இல்லை என்றால், யாருடைய வேதாகமம் சரி என்ற கேள்வி சும்மா போய்விடாது.

இந்தக் கேள்வியை மூடிவைத்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். வேறொரு ஊரில், வேறொரு சபையில் வளர்ந்த ஒரு தம்பி, பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் சமயப் பாடம் எடுத்தான். மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் பழைய பிரதிகளில் இல்லை என்று ஆசிரியர் சொன்னார். வீட்டுக்கு வந்து பெரியவர்களிடம் கேட்டான். "இதெல்லாம் பிசாசின் தந்திரம், கேள்வி கேட்காதே" என்று பதில் கிடைத்தது. அந்தத் தம்பிக்குக் குழப்பம் வந்தது ஆசிரியர் சொன்னதால் அல்ல. அதை முதல்முதலாக ஒரு வெளியாள் சொல்லக் கேட்டதும், வீட்டார் அதைக் கண்டு பயந்ததும்தான் அவனை அசைத்தது. இப்போது அவன் எந்தச் சபைக்கும் போவதில்லை.

அதனால் நமது வாலிபர் ஐக்கியம் மூன்று மாதங்களை இதற்கென்றே ஒதுக்கியது. தமிழ் வேதாகமத்தையும் ஆங்கில வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். நாங்கள் வேதசாஸ்திரிகள் அல்ல. ஆனால் லண்டனில் இருப்பதில் ஒரு பாக்கியம் உண்டு என்று இந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டோம். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் வசன எண். பவுலோ லூக்காவோ எண் போட்டு எழுதவில்லை. புதிய ஏற்பாட்டில் நாம் பயன்படுத்தும் வசன எண்களைப் போட்டவர் ரொபேர் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகக்காரர். 1551-இல் அவர் வெளியிட்ட கிரேக்குப் புதிய ஏற்பாட்டில்தான் அவை முதலில் வந்தன. அவர் கையில் இருந்த பாடத்தில் அந்த உபவாச வசனம் இருந்தது, அதற்கு 21 என்று எண் கிடைத்தது. பிற்காலத்தில் அது மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்று கண்டவர்கள் நினைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, 22-ஐ 21 ஆக்கி, அடுத்தடுத்த எண்களை மாற்றியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. எண்ணை வெறுமையாக விட்டு, பக்கத்தின் அடியில் அந்த வசனத்தையும் சிறிய எழுத்தில் அச்சிட்டார்கள். மறைக்க நினைக்கிறவர் இப்படி இடைவெளி தெரிய விட்டுவைப்பாரா? கைப்பேசியில் வாசிக்கும்போது அந்த அடிக்குறிப்பு ஒரு சின்ன எழுத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. அதை அழுத்திப் பார்க்கிற பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

அடுத்தது அப்பா அம்மாவின் வேதாகமம். அதில் ஏன் அந்த வசனங்கள் இருக்கின்றன? அச்சில் வெளிவந்து விற்பனைக்கு வந்த முதல் கிரேக்குப் புதிய ஏற்பாட்டைத் தயாரித்தவர் எராஸ்மஸ், ஆண்டு 1516, இடம் பாசெல். அவருக்குக் கிடைத்தவை சில கையெழுத்துப் பிரதிகள் மட்டுமே, அவையும் பெரும்பாலும் பிற்காலத்தவை. அந்தப் பாடமே சிறிய திருத்தங்களோடு முந்நூறு வருடங்களுக்கு மேல் எல்லாருக்கும் மூலமாக இருந்தது. 1611-இன் கிங் ஜேம்ஸ் அதிலிருந்து வந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழில் மொழிபெயர்த்து, 1714-இலும் 1715-இலும் அச்சிட்ட புதிய ஏற்பாட்டுக்கும் அந்த வழிப் பாடமே அடிப்படை. வேறு பாடம் அன்று அச்சில் இல்லை. பிறகு பப்ரிசியஸ், இரேனியுஸ், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் உதவியோடு 1850-இல் பேர்சிவல் பாதிரியார் கொண்டுவந்த மொழிபெயர்ப்பு என்று வரிசையாகப் பலர் உழைத்தார்கள். நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு, பவர் ஐயரின் தலைமையில் ஒரு குழு செய்தது. முழு வேதாகமமாக அது வெளிவந்தது 1871-இல்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். பழைய பிரதிகளை முன்வைத்து வெஸ்ட்கொட், ஹோர்ட் என்ற இருவர் புதிய கிரேக்குப் பாடத்தை வெளியிட்டது 1881-இல். நமது தமிழ் வேதாகமம் பத்து வருடம் முந்திவிட்டது. அவ்வளவுதான். ஒருவரும் ஒன்றையும் தமிழில் சேர்க்கவில்லை, ஒருவரும் ஒன்றையும் ஆங்கிலத்தில் திருடவில்லை. இரண்டு புத்தகங்களும் தத்தம் காலத்தில் கையில் இருந்த பிரதிகளுக்கு உண்மையாக இருந்தன.

அப்படியானால் எராஸ்மஸின் பிரதிகளில் கூடுதல் வசனங்கள் எப்படி வந்தன? எங்களுக்கு இது விளங்கியது பாடகர் குழுவின் பாட்டு நோட்டைப் பார்த்தபோதுதான். கையால் எழுதி எழுதி வந்த நோட்டு அது. ஒரு கீர்த்தனையில் அதே மெட்டில் உள்ள இன்னொன்றின் அடி நுழைந்திருக்கிறது. ஓரத்தில் யாரோ எழுதிவைத்த குறிப்பை அடுத்தவர் பாட்டின் வரி என்று எண்ணிச் சேர்த்து எழுதியிருக்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வேதாகமத்தைப் பிரதி எடுத்தவர்களுக்கும் இதுவே நடந்தது. மாற்கு 9-இல் உள்ளதை மனப்பாடமாக அறிந்த ஒருவர் மத்தேயு 17-ஐ எழுதும்போது அந்த வாக்கியமும் கையில் வந்துவிடுகிறது. யோவான் 5-இல் தண்ணீர் கலங்கும்போது இறங்க ஆள் இல்லை என்று வியாதிக்காரன் சொல்கிறான். தண்ணீர் ஏன் கலங்கும் என்று வாசிக்கிறவருக்குப் புரியாது. தேவதூதன் வந்து கலக்குவான் என்ற விளக்கத்தை ஒருவர் ஓரத்தில் எழுதுகிறார், அதுவே பின்னால் 4-ஆம் வசனமாகிறது. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் கருதுகிறார்கள்.

மாற்கு 9:44, 46 ஆகிய இரண்டையும் பார்த்துத்தான் தங்கைகள் சிலர் சிரித்துவிட்டார்கள். காணாமல் போன அந்த இரண்டும் 48-ஆம் வசனத்தின் அதே வார்த்தைகள். ஒன்றும் குறையவில்லை, மூன்று முறை இருந்தது ஒரு முறை இருக்கிறது.

உபவாசத்துக்கு வருவோம். பிரித்தானிய நூலகத்தில் சீனாய்ப் பிரதி இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோலில் எழுதப்பட்ட கிரேக்கு வேதாகமம். புதிய ஏற்பாடு முழுமையாகக் கிடைத்துள்ள பிரதிகளில் மிகப் பழையது இதுவே. அதில் மத்தேயு 17:21-ஐ முதலில் எழுதியவர் எழுதவில்லை, பின்னால் திருத்தியவர் ஒருவர் சேர்த்திருக்கிறார். மாற்கு 9:29-இலும் முதலில் எழுதியவர் ஜெபம் என்று மட்டும் எழுதினார், உபவாசம் என்ற சொல்லைத் திருத்தியவர் சேர்த்தார். சபையில் உபவாசத்துக்கு மதிப்பு கூடிக்கொண்டே வந்த காலம் அது.

அதற்காக அம்மாமார் உபவாச ஜெபத்தை நிறுத்த வேண்டுமா? வேதபாடத்தில் ஓர் ஆன்ட்டி இதைக் கேட்டபோது குரல் சற்று நடுங்கியது. மத்தேயு 6-இல் உபவாசிக்கும்போது முகத்தைக் கழுவு என்று ஆண்டவர் சொல்வதில் எந்தப் பிரதிச் சிக்கலும் இல்லை. அப்போஸ்தலர் 13-இல் அந்தியோகியா சபை உபவாசித்துத்தான் பர்னபாவையும் சவுலையும் அனுப்பியது, 14-இல் உபவாசித்துத்தான் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள். உபவாசம் அப்படியே நிற்கிறது. மாறுவது ஒன்றுண்டு. பிசாசை விரட்ட இத்தனை நாள் பட்டினி இருந்தால்தான் ஆகும், பிள்ளைக்குச் சுகம் கிடைக்காததற்கு நீ உபவாசிக்காததே காரணம் என்று ஒரு தாயிடம் யாராவது சொன்னால், அந்த ஒற்றை வசனத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் எண்ணத்தில் இது இழப்பு அல்ல, ஒரு பாரம் இறங்கியதுதான்.

திரித்துவம் இன்னும் கடினமாக இருந்தது. 1 யோவான் 5:7-இல் பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவரைப் பற்றித் தமிழில் தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத்தில் பாதி வசனம்கூட இல்லை. வீட்டு வாசலுக்கு வருகிற யெகோவா சாட்சிகளிடம் இந்த வசனத்தைக் காட்டித்தான் பேச வேண்டும் என்று நம்மில் சிலர் ஓய்வுநாள் பாடசாலையிலேயே கற்றவர்கள். ஆனால் எராஸ்மஸே தமது முதல் இரண்டு பதிப்புகளில் இதை அச்சிடவில்லை, அவர் பார்த்த கிரேக்குப் பிரதி எதிலும் அது இல்லை. எதிர்ப்பு எழுந்தது. பிறகு ஒரு பிரதி காட்டப்பட்டது. அது இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது, எராஸ்மஸின் காலத்திலேயே எழுதப்பட்டது என்று கருதப்படுவது. 1522-இன் மூன்றாம் பதிப்பில் அவர் வசனத்தைச் சேர்த்தார். ஒரு பிரதி காட்டினால் சேர்ப்பேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்ததாக ஒரு கதை பல புத்தகங்களில் உண்டு, அதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டுக் கலங்குகிறவர்கள் நிசேயா சங்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கி.பி. 325-இல் ஆரியுவின் போதனைக்கு எதிராகச் சபை கூடியது. குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உள்ளவர் என்று அறிக்கையிட்டது. அத்தனாசியு வாழ்நாளெல்லாம் அதற்காகப் போராடினார், ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அந்தப் போராட்டம் முழுவதிலும் கிரேக்குப் பிதாக்கள் யாரும் இந்த வசனத்தை எடுத்துக் காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் விடுவார்களா? யோவான் முதலாம் அதிகாரம், மத்தேயு 28:19, பவுலின் நிருபங்கள் ஆகியவற்றை வைத்தே அவர்கள் திரித்துவ விசுவாசத்தைக் காத்தார்கள். நாமும் வாசலில் நின்று பேசும்போது அந்த இடங்களைத் திறப்பதுதான் நல்லது. எதிரே நிற்பவருக்கு 1 யோவான் 5:7-இன் கதை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அப்போஸ்தலர் 8:37 இன்னொரு விதம். எத்தியோப்பிய மந்திரியின் அறிக்கை பழைய கிரேக்குப் பிரதிகளில் இல்லை. ஆனால் இரண்டாம் நூற்றாண்டின் இரேனேயுவுக்கே அந்த அறிக்கை தெரிந்திருந்தது. ஆதிச் சபை ஞானஸ்நானம் கொடுக்கும்போது கேட்ட கேள்வியும் பதிலும் இதில் பதிந்திருக்கலாம். லூக்கா எழுதியது அல்ல என்று வைத்துக்கொண்டாலும், அது விசுவாசிகளின் வாயிலிருந்து வந்த வார்த்தை. அந்த அடிக்குறிப்பை நாங்கள் பிரியத்தோடுதான் வாசித்தோம்.

வாட்ஸ்அப் செய்தியின் முடிவில் வருகிற எச்சரிப்பைச் சொல்லாமல் விட முடியாது. வெளிப்படுத்தின விசேஷம் 22:19. இந்தப் புத்தகத்திலிருந்து எதையாவது எடுத்துப்போட்டால் அவனுடைய பங்கும் எடுக்கப்படும் என்கிற இடம். எதிலிருந்து எடுக்கப்படும்? தமிழில் ஜீவபுஸ்தகம் என்று இருக்கிறது, என்.ஐ.வி.-யில் ஜீவவிருட்சம். எராஸ்மஸுக்கு வெளிப்படுத்தின விசேஷத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிரதி, அதிலும் கடைசித் தாள் கிழிந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் கடைசி ஆறு வசனங்களை லத்தீனிலிருந்து கிரேக்குக்குத் திருப்பினார். லத்தீனில் மரத்துக்கும் புத்தகத்துக்கும் உள்ள சொற்கள் பார்வைக்கு நெருங்கியவை, லத்தீன் பிரதிகளில் அவை மாறிப்போயிருந்தன. வசனத்தை மாற்றாதே என்று எச்சரிக்கிற வசனத்திலேயே ஒரு சொல் மாறியிருக்கிறது! இதைக் கண்டுபிடித்த அன்று பத்து மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் பதினொன்றரைக்குத்தான் முடிந்தது.

எல்லாமே இப்படி எளிதாக முடியவில்லை. மாற்கு 16:9-20, யோவான் 7:53 முதல் 8:11 வரை என்ற இரண்டு நீண்ட பகுதிகள் இருக்கின்றன. சீனாய்ப் பிரதியில் மாற்கு 16:8-ஓடு சுவிசேஷம் நின்றுவிடுகிறது, ஸ்திரீகள் பயந்து ஓடுகிறார்கள், அவ்வளவே. ஆனால் இரேனேயு கி.பி. 180-ஐ ஒட்டிய காலத்தில் 19-ஆம் வசனத்தை எடுத்தாள்கிறார், ஆகவே அந்த முடிவும் மிகப் பழையதே. ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்பது 6-ஆம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. மற்ற மூன்று சுவிசேஷங்களும் 1 கொரிந்தியர் 15-உம் இருக்கின்றன. இருந்தாலும் 18-ஆம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அமெரிக்க மலைநாட்டுச் சபைகள் சிலவற்றில் ஆராதனையில் விஷப்பாம்பைக் கையில் எடுக்கிறார்கள், கடிபட்டு இறந்த போதகர்களும் உண்டு. அடிக்குறிப்பை வாசிக்காமல் விடுவதற்கு உயிரே விலையாகலாம்.

விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயின் சம்பவத்தில் எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. பழைய கிரேக்குப் பிரதிகளில் அது இல்லை. மனைவிமார் துணிந்துவிடுவார்கள் என்று பயந்த சிலர் அதைத் தங்கள் பிரதிகளிலிருந்து நீக்கினார்கள் என்று அகுஸ்தீன் எழுதினார். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. அது யோவான் எழுதிய பகுதியாக இல்லாவிட்டாலும் ஆண்டவரைப் பற்றிய பழைய, உண்மையான நினைவு என்று பலர் கருதுகிறார்கள். நம்மில் பாதிப் பேர் அதை வேதவசனமாகவே பிரசங்கிக்கலாம் என்றோம், மீதிப் பேர் குறிப்புச் சொல்லிவிட்டுப் பிரசங்கிக்க வேண்டும் என்றோம். போதகர் ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், தீர்ப்புச் சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போகிற தம்பி தங்கைகளும் அவர்களை அனுப்பிவிட்டுக் கலங்குகிற பெற்றோரும் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். புரூஸ் மெட்ஸ்கர் பிரின்ஸ்டனில் புதிய ஏற்பாட்டுப் பாட ஆய்வின் பெரிய ஆசான், 2007-இல் காலமானார், கடைசிவரை பிரெஸ்பிடேரியன் சபையின் விசுவாசி. அவருடைய மாணவர் பார்ட் எர்மன், விசுவாசத்தை விட்டவர், வகுப்புகளில் அடிக்கடி பெயர் அடிபடுகிறவர். 2005-இல் இருவரும் சேர்ந்தே ஒரு பாடநூலின் நான்காம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அதே பிரதிகள், அதே வேறுபாடுகள் இருவருக்கும் தெரியும். தாம் விசுவாசத்தை விட்டதற்குப் பெரிய காரணம் உலகத்தில் உள்ள துன்பமே என்று எர்மனே சொல்கிறார். பிரதிகளைப் படிப்பதால் விசுவாசம் போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த இருவரையும் காட்டலாம். துன்பத்தைப் பற்றிய கேள்விக்கு வேறு வேதபாடம் வேண்டும், யோபுவில் தொடங்கலாம் என்று பேச்சு நடக்கிறது.

இனி அந்த லண்டன் பாக்கியம். சீனாய்ப் பிரதியின் பெரும்பகுதி, 347 தாள்கள், நமது பஸ் போகிற வழியில் செயின்ட் பாங்க்ராஸ் பக்கத்தில் உள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. 1933-இல் சோவியத் அரசிடமிருந்து 1,00,000 பவுனுக்கு வாங்கினார்கள், பொதுமக்களும் நன்கொடை திரட்டிக் கொடுத்தார்கள். சீனாய் மலையடிவார மடத்திலிருந்து அது வெளியே போன விதத்தைப் பற்றி அந்த மடத்தாருக்கு இன்றும் மனக்குறை உண்டு, அதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. 2009 முதல் பிரதி முழுவதையும் இணையத்தில் பார்க்கலாம். மன்செஸ்டருக்குப் போகிறவர்கள் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் யோவான் 18-இன் சில வரிகள் உள்ள பாப்பிரஸ் துண்டைத் தேடுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய துண்டாகப் பலர் மதிப்பது அதுவே.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பிரித்தானிய நூலகத்தின் முற்றத்தில் கூடுகிறோம். காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. அப்பா அம்மாவையும் கூட்டி வாருங்கள், உபவாசக் கேள்வி கேட்ட ஆன்ட்டி ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். தமிழ் வேதாகமம் ஒன்று, அடிக்குறிப்புள்ள அச்சு ஆங்கில வேதாகமம் ஒன்று, இரண்டும் கையில் இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் அவரவர் கொண்டுவர வேண்டும், முற்றத்தில் உட்காரலாம். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மாற்கு 16.